அய்யாவு வைத்திருந்த நோ-கோ பட்டியல்

பெங்களூர் ஒக்கலிபுரம் நண்பர்கள் மன்றத்தின் ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் சண்முகம் அண்ணன் கேட்டார். "நம்ம ஏரியாவுலருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போயி டீம் லீடரா ஆனது நீ ஒருத்திதாம்மா. படிக்கிற பொண்ணுங்க பாத்து கத்துக்கட்டும்" என்றார். இரண்டு வாரமாக எழுதிப் பார்க்கிறேன். என் பெயர், அப்பா பெயர், படித்த பள்ளிக்கூடம் என்று மூன்று வரி ஓடுகிறது. நாலாவது வரியில் அய்யாவு வந்து நின்றுகொள்கிறார். அவரை நகர்த்திவிட்டு மேலே எழுத முடியவில்லை. அதனால் அவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லுக்கு எதிர்வீடு. யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கும் வருகிறது. ஏனென்றால் நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். கொஞ்சநஞ்சம் அல்ல, சோறு இறங்காத அளவுக்கு.

நான் வேலை பார்க்கும் ஆபீஸ் தொம்மலூரில் ஒரு கோழிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் தங்கள் வீட்டைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பக்கமாக்கி இணையத்தில் ஏற்றுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். 2001இல் நான் சேர்ந்தபோது இருநூறு பக்கம் இருந்தது, 2006இல் மூவாயிரத்து நானூறு. முதலாளி பிரகாஷ் சார் மண்டியாக்காரர். நன்றாகவே தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேடு, மாற்று, அடுத்தது, தேடு, மாற்று, அடுத்தது. காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் ஐநூறு பக்கம் முடிப்பேன். யாராவது விருந்தாளி வந்தால் பிரகாஷ் சார் என் மேசையைக் காட்டி, "இது நம்ம மிஷின்" என்பார். நானும் வெட்கப்படுகிற மாதிரி குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை.

அய்யாவு 2006 மே மாதம் வந்தார். வயது நாற்பத்தொன்று. பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவர். இடது கையில் இரண்டு விரல்கள் முதல் கணுவோடு நின்றிருந்தன. தொழிற்சாலையை மூடியபிறகு ஒரு அபார்ட்மென்ட் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அந்த நாளில் ராஜாஜிநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். பிரகாஷ் சார் அவரை ஆறு மாதம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார். நவம்பர் பதினைந்தாம் தேதியோடு அந்த ஆறு மாதம் முடியும். அதற்குப் பிறகு வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு.

அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆபீசில் என்னை 'மேடம்' என்பார். சாயங்காலம் மெஜஸ்டிக் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் 'ம்மா' ஆகிவிடுவேன். ஒரே ஏரியா என்பதால் எனக்கு இடம் பிடித்து வைப்பார். நல்ல துணைதான் என்று முதல் மாதம் நினைத்தேன்.

இரண்டாவது மாதம் அந்த 2 BHK வேலை வந்தது. இரண்டு படுக்கையறை வீடு என்பதற்கு ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் ஒருத்தர் எழுதுவது போல் இன்னொருத்தர் எழுத மாட்டார். எண்ணையும் எழுத்தையும் ஒட்டி எழுதுவார் ஒருவர், நடுவில் கோடு போடுவார் இன்னொருவர், எழுத்துக்கு எழுத்து புள்ளி வைப்பார் மற்றொருவர், எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் போடுவார் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சார் சொல்லிவிட்டார். நாலு நாள் ஆகும் என்று சொல்லி நான் பாதியையும் அய்யாவு பாதியையும் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை அய்யாவு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், இத்த ஒவ்வொண்ணாதான் மாத்தணுமா?"

"வேற எப்படி? ஊதினா மாறிடுமா?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். தேடும் பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஐந்து வருடமாக என் கண்ணுக்கு நேரே இருந்த கட்டம் அது. என்ன ஏது என்று நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அய்யாவு அதில் டிக் போட்டுவிட்டு, தேடும் இடத்தில் அடைப்புக்குறியும் நட்சத்திரமும் கேள்விக்குறியுமாக ஒரு வரி எழுதியிருந்தார். ஒரு எண், பிறகு இடைவெளியோ கோடோ இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, பிறகு மூன்று எழுத்து, பெரிசோ சின்னதோ, நடுவில் புள்ளி இருந்தாலும் பரவாயில்லை. இதுதான் அந்த வரிக்கு அர்த்தம். எந்த எண் வந்ததோ அதையே திரும்பப் போட்டு மற்றதை ஒரே மாதிரி ஆக்கு என்று கீழே இன்னொரு வரி. ஒரு விசையை அழுத்தினார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு இடத்தில் மாறியது என்று திரையில் வந்தது. என் பாதியும் அதிலேயே முடிந்துவிட்டது.

பிரகாஷ் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் ரூபினி, இவ்ளோ வருஷம் சும்னே கையால மாத்திட்டு இருந்தோமா?"

சும்னே. கன்னடத்தில் வெறுமனே, வீணுக்கு. என் ஐந்து வருடத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பத்து விரலும் முழுசாக இருக்கிற நான், எட்டு விரலோடு வந்தவரிடம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோற்றேன். அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் பிரகாஷ் சாரின் கை வேறு மேசையைக் காட்டியது.

அன்று பஸ்ஸில் அய்யாவு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கட்டு காகிதத்தை எடுத்தார். நாங்கள் பக்கங்களைத் திருத்தும் எடிட்டர் மென்பொருளின் உதவிப் பக்கங்களை அச்செடுத்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். "நம்ம பிரஸ்ல மாட்டற அச்சு, டை மாதிரிதாம்மா இது. ஒரு தடவை சரியா செட் பண்ணிட்டா, தகடு எப்படி வந்தாலும் வெளிய வர்றது ஒரே மாதிரி வரும். நாளைலருந்து தினம் ரெண்டு வரி சொல்லித் தரட்டா? மெஜஸ்டிக் போறதுக்குள்ள கத்துக்கலாம்."

"எனக்குத் தெரியும்ணா. டைம் இல்லாததால யூஸ் பண்ணல" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பொய் சொன்னது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவர் கை கழுவப் போன நேரத்தில் அந்தக் கட்டை எடுத்து, கீழே கடையில் ஜெராக்ஸ் போட்டு, திரும்ப அதே பையில் வைத்தேன். திருட்டுத்தனமாகப் படிப்பதில் ஒரு சங்கடம், சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க முடியாது. ஆகஸ்டில் ஒரு வேலை வந்தது. பெங்களூரில் வீட்டு எண்ணுக்கு முன்னால் # குறி போடுவதுதானே வழக்கம். எங்கள் பக்கங்களில் No. என்று இருந்த இடமெல்லாம் # ஆக வேண்டும். அய்யாவு அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். நானும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். No. என்று எழுதினேன். மாற்று என்று அழுத்தினேன். ஐயாயிரத்துச் சொச்சம் இடம் மாறியது. எனக்கு ஒரே சந்தோஷம், பார்க்காமலேயே கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வடை சுடச் சொன்னேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் North facing வீடுகள் எல்லாம் #th facing ஆகி நிற்கின்றன. வடக்குப் பார்த்த வீடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. அசைவக்காரர்களுக்கு வீடு கிடையாது என்பதை Non-veg not allowed என்று எழுதியிருப்பார்கள், அது #-veg not allowed ஆகிவிட்டது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி. ஆனால் பிரகாஷ் சார் பத்து மணிக்கு வந்துவிடுவார்.

அய்யாவு என் திரையை ஒரு பார்வை பார்த்தார். அவர் தினமும் கிளம்பும் முன் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்பாராம், எனக்கு அன்றுதான் தெரியும். அந்த நகலைத் திரும்பப் போட்டு, வேலையைச் சரியாகச் செய்து முடித்தபோது ஒன்பது நாற்பது. "புள்ளின்னா எந்த எழுத்தா இருந்தாலும் சரின்னு அர்த்தம்மா அதுக்கு. நெசப் புள்ளிதான் வேணும்னா முன்னாடி ஒரு சாய்கோடு போடணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஆபீசிலேயே 'ம்மா' என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை.

நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் காட்டிக் கொடுத்திருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

அக்டோபரில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. நவம்பர் ஒன்றாம் தேதி, மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்திலிருந்து ஊர்ப் பெயர் ஆங்கிலத்திலும் பெங்களூரு ஆகப்போகிறது என்றார்கள். ஆகும் என்றார் ஒருவர், இன்னும் நாளாகும் என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டில் யாருக்கும் அதனால் ஒன்றுமில்லை. ஆனால் பிரகாஷ் சாருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மற்ற எல்லோருக்கும் முன்னால், ஒன்றாம் தேதி காலையில் நம் பக்கங்களில் Bangalore இருக்கக் கூடாது, எல்லாம் Bengaluru ஆகியிருக்க வேண்டும் என்றார். இந்த வேலை முடிந்ததும் ஆபீசுக்கு ஒரு டீம் லீடரை அறிவிக்கப்போவதாகவும் சொன்னார். ஐந்து வருடமாக நான் அந்த நாற்காலிக்குத்தான் காத்திருந்தேன்.

வேலை அய்யாவுவுக்குப் போயிற்று. எல்லா Bangaloreஐயும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. மின்னஞ்சல் முகவரியில் அந்தப் பெயர் இருக்கும், மாற்றினால் கடிதம் போகாது. படங்களின் பெயரில் இருக்கும், மாற்றினால் படம் தெரியாது. ஆகவே அவர் தொழிற்சாலையில் பழகிய ஒரு முறையை எடுத்துக்கொண்டார். பிரஸ்ஸில் துளை போட்ட தகட்டைச் சோதிக்க ஒரு கேஜ் வைத்திருப்பார்களாம். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. கோ, நோ-கோ என்று அதற்குப் பெயர். போகக் கூடாத முனை போய்விட்டால் டை சரியில்லை, வேலையை நிறுத்து.

அதே மாதிரி இரண்டு கோப்பு உண்டாக்கினார். ஒன்றில் மாற வேண்டிய வரிகள், இன்னொன்றில் மாறக் கூடாத வரிகள். தான் எழுதிய தேடும் வரியை, அதாவது பேட்டர்னை, முதலில் அவற்றின் மேல் ஓட்டிப் பார்ப்பார். மாறக் கூடாத கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் பேட்டர்னைத் திருத்துவார். அந்த நோ-கோ கோப்புக்காக ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டார். மாறக் கூடாத இடம் உங்களுக்கு எதாவது தெரியுமா என்று. யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி பதிந்தார். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வராததால் ஆங்கில எழுத்திலேயே தமிழ். படம் வரையும் ஓஸ்வால்ட் தன் படங்களின் பெயர்களைக் கொடுத்தான். வீடு கேட்டு வரும் விசாரிப்புகளைப் பார்க்கும் மௌரீன், பதிவு செய்த கட்டடக் கம்பெனிகளின் பெயர்களை மாற்றக் கூடாது என்றாள். நான் கடைசி மேசை.

அக்டோபர் முப்பது, திங்கட்கிழமை. அன்று காலையில்தான் பிரகாஷ் சார் ஓஸ்வால்டிடம் பேசியது என் காதில் விழுந்திருந்தது. "அய்யாவு ஃபர்ஸ்ட் கன்ஃபர்ம் ஆகட்டும். லீடர் யாருன்னு அப்புறம் நோடோணா." பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான். ஆனால் முன்பெல்லாம் அந்தப் பேச்சில் என் பெயர் இருக்கும், அன்று இல்லை.

அய்யாவு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மேடம், நீங்கதான் எல்லாருக்கும் பழைய ஆளு. நம்ம கண்ணுக்குத் தெரியாத இடத்துல எங்கயாச்சும் இந்தப் பேர் மாறக் கூடாதுன்னு இருந்தா சொல்லுங்க."

இருந்தது. வீடு கேட்பவர்கள் எழுதி அனுப்பும் படிவத்தின் அடியில், திரையில் தெரியாத ஒரு வரி உண்டு. எந்த ஊர் மேசைக்கு இந்த விசாரிப்பு போக வேண்டும் என்று அதில் Bangalore Desk என்று எழுதியிருக்கும். சர்வரில் இருக்கும் ஒரு பட்டியலோடு அந்தப் பெயர் அப்படியே பொருந்தினால்தான் மௌரீனுக்கு மின்னஞ்சல் வரும். பொருந்தாவிட்டால் படிவம் அனுப்பியவருக்கு நன்றி என்று மட்டும் காட்டிவிட்டு, விசாரிப்பைத் தொலைத்துவிடும். அதைச் செய்தவர் 2003இலேயே துபாய்க்குப் போய்விட்டார். ஆபீசில் அதை அறிந்தவள் நான் ஒருத்தி.

"எல்லாம் இருக்குண்ணா" என்றேன். ஆபீசில் நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் பேட்டர்ன் ஓடியது. நாலு நிமிடம். ஒரு படம் உடையவில்லை, ஒரு முகவரி கெடவில்லை. ஒன்றாம் தேதி பிரகாஷ் சார் மஞ்சளும் சிவப்புமாய்ச் சின்னக் கன்னடக் கொடி ஒன்றை மேசையில் நட்டு, எல்லோருக்கும் மைசூர்பாக்கு கொடுத்தார். அய்யாவுவைத் தட்டிக் கொடுத்தார். அய்யாவு தன் பங்கில் பாதியைக் காகிதத்தில் மடித்து மகளுக்கென்று பையில் வைத்தார். நான் என் பங்கை முழுசாகத் தின்றேன். கசக்கவில்லை, நன்றாகவே இருந்தது.

ஒரு நாளைக்கு அறுபது விசாரிப்பு வரும். ஒன்றாம் தேதி ஒன்றும் வரவில்லை. நம்மைத் தவிர ஊருக்கே லீவு என்றாள் மௌரீன். இரண்டாம் தேதியும் வரவில்லை. புதுப் பெயர் யாருக்கும் பிடிபடவில்லை போல என்றார்கள். தினமும் காலையில் பஸ் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொன்னால் போதும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அய்யாவு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வேலை நிரந்தரமானால் மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு என் வாய் மூடிக்கொள்ளும். இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்று பொய் எழுத எனக்கு மனமில்லை. இந்த மனுஷனுக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறதே என்றுதான் தோன்றியது.

ஒன்பதாம் தேதி வீட்டுக்காரர் ஒருவர் போனில் கத்திய பிறகு பிரகாஷ் சாருக்கு உறைத்தது. கன்னடத்தில் கத்தினார். எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். அய்யாவு முகம் வெளிறி, தன் பேட்டர்னை முதலிலிருந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். "நான் பாக்கறேன் சார்" என்றேன்.

படிவத்தைத் திறந்து, நேராக அந்த வரிக்குப் போய், பெயரைப் பழையபடி மாற்றி, சோதனைக்கு ஒரு விசாரிப்பு அனுப்பினேன். மௌரீன் மேசையில் டிங் என்று சத்தம் வந்தது. "அஞ்சே நிமிஷம்" என்றார் பிரகாஷ் சார். கை தட்டினார்கள். ஐந்து வருடத்தில் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அந்தக் கைதட்டல் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் இங்கே மறைக்கவில்லை.

அய்யாவு மட்டும் தட்டவில்லை. என் திரையில் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அந்த வரி அங்க இருக்குதுன்னு எப்படிம்மா நேராப் போனீங்க?"

"பழைய ஆளு இல்லையா" என்றேன்.

"சரி" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. தெரியாதவள் தேடியிருப்பாள். நான் தேடவே இல்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் அவசரத்தில், தேடுவது போல் ஒரு அரைமணி நேரம் நடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்றே பிரகாஷ் சார் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். ஒன்பது நாள், ஐநூறுக்கு மேல் ஆட்கள் வீடு கேட்டு எழுதி நாம் பதிலே போடவில்லை, அதில் எத்தனை பேர் குழந்தை குட்டியோடு தவித்தார்களோ என்றார். ஆறு மாதத்தை இனி நீட்டிக்க முடியாது என்றார். அய்யாவு என்னைக் கைகாட்டியிருக்கலாம். கோப்பில் தேதி போட்டு என் பெயர் இருந்தது.

"கேஜ் என்னோடது சார். அதுல ஒரு வரி கொறைஞ்சா தப்பும் என்னோடதுதான்" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. டீம் லீடர் நான்தான் என்று அதே அறையில், அதற்கு அடுத்த வாக்கியத்தில் பிரகாஷ் சார் சொன்னார்.

நவம்பர் பதினைந்து அவருக்குக் கடைசி நாள். பீன்யாவில் ஒரு ஆள் வேலையை விட்டுப் போனால் தன்னிடமிருக்கும் கேஜை அடுத்த ஆளிடம் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்படைப்பார்களாம். அப்படித்தான் தனக்குப் பழக்கம் என்று, நோ-கோ கோப்பை அச்செடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று வரி. அவர் படிப்பார், நான் சரி என்று சொல்லி ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

முப்பத்தேழு வரி மளமளவென்று போயிற்று. முப்பத்தெட்டாவது வரியையும் மற்றதைப் படித்த அதே குரலில்தான் படித்தார். "அக்டோபர் முப்பது. ரூபினி மேடத்தைக் கேட்டது. எல்லாம் இருக்குன்னாங்க."

படித்துவிட்டு நிமிரவில்லை. விரல் காகிதத்தில் அந்த வரியின் மேல் இருந்தது, கணுவோடு நின்ற விரல். அவர் அவசரப்படுத்தவில்லை, பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

நாற்பத்து மூன்றாவது வரி. "நவம்பர் ஒம்போது. ஃபார்ம்ல டெஸ்க் பேரு. மாறக் கூடாது. குடுத்தவங்க ரூபினி மேடம்."

"சரி."

காகிதங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "கேஜைப் பத்திரமா வெச்சிக்கோங்க மேடம். அத்த நம்பித்தான் மத்தவங்க பிரஸ்ஸ ஓட்டுவாங்க." அவ்வளவுதான். அன்று நான் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன். அவர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாரா இல்லையா என்று தெரியாது.

மூன்று வருடம் ஆகிவிட்டது. அய்யாவு பாதி வருடம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, திரும்ப பீன்யாவிலேயே ஒரு பட்டறையில் கணினியில் வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி. மகளை ஒரு வருடம் தாமதமாகத்தான் கல்லூரியில் சேர்த்தார். பால் பூத்தில் எதிர்ப்பட்டால், "நல்லா கீறியாம்மா?" என்று கேட்பார். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்ப்பேன், இருக்காது. அப்படிக் கேட்க முடிகிறதே அவரால் என்று அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டு பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு வருவேன்.

அவருடைய காகிதங்களின் ஜெராக்ஸை வைத்து நான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் முழுக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது ஆபீசில் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் நோ-கோ பட்டியல் போட்டாக வேண்டும் என்பது விதி. புதுசாக வந்தவர்கள் அதை ரூபினி மேடம் முறை என்கிறார்கள். பிரகாஷ் சாரும் விருந்தாளிகளிடம் அப்படித்தான் சொல்கிறார். அந்தப் பழைய கோப்பு இன்னும் சர்வரில் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அதை ஓட்டுவார்கள். முப்பத்தெட்டாவது வரி திரையில் வரும், போகும். யாரும் கவனிப்பதில்லை. டீம் லீடர் என்பதால் அதை அழிக்க எனக்கு அதிகாரம் உண்டு. பல தடவை கை வரைக்கும் வந்து, அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை, ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன், அவர் செய்வது போல. பிறகு முப்பத்தெட்டாவது வரிக்குப் போனேன். பேட்டர்ன் எதுவும் தேவைப்படவில்லை, மாற்ற வேண்டியது ஒரே இடம்தான். 'எல்லாம் இருக்குன்னாங்க' என்பதை எடுத்துவிட்டு, 'தெரியும், சொல்லவில்லை' என்று கையாலேயே அடித்தேன். பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். அச்செடுத்துப் பிரகாஷ் சார் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் பார்ப்பார்.

சண்முகம் அண்ணா, மலர் அச்சானதும் முதல் பிரதியை மாவு மில்லுக்கு எதிர்வீட்டில் கொடுத்துவிடுங்கள். நான் டீம் லீடர் ஆனது எப்படி என்றுதானே கேட்டீர்கள். இப்படித்தான்.